முப்பத்தேழாம் பக்கம்

கொலுசுச் சத்தம், தானாக ஆடிய நாற்காலி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயம் கிடையாது, எரிச்சல். கல்லறைத் தோட்டத்துக்கு அடுத்த தெருவில் வளர்ந்தவள், சாயங்காலம் டியூஷனுக்குச் சமாதிகளுக்கு நடுவே குறுக்காகத்தான் ஓடுவோம், ஒருவரும் எழுந்து வந்து எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை. அதனால் இதை வாசித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தம் இல்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன். ஆனால் இது நடந்தது. நடுராத்திரியில் இல்லை, பங்குனி மாத வெயிலில், திண்டுக்கல்லில் ஒரு டுடோரியல் காலேஜின் மாடி அறையில் நடந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வருகிறது.

நான் பத்தாவது வரை படித்தவள், வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன், மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மதியம் அந்த மாடியில் கூடுவார்கள். ஏழெட்டு வருஷம் போனேன், ஒரு நாளும் எழுந்து பேசியதில்லை, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவேன், அது போதுமாக இருந்தது.

எல்லோரும் கொண்டுவந்து சேர்த்த புத்தகங்கள் ஒரு இரும்பு பீரோவில் இருந்தன. நூலகத்தில் வேலை பார்த்த சலீம் பாய்தான் எங்களுக்கு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். நூலகப் புத்தகங்களில் ஏதாவது ஒரு உள்பக்கத்தில் ரகசியமாக முத்திரை இருக்குமாம், திருடியவன் முதல் பக்கத்தைக் கிழித்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடுமாம். நமக்கும் அப்படி ஒரு பக்கம் வேண்டும் என்று முப்பத்தேழாம் பக்கத்தை முடிவு செய்தார். முத்திரைக்குப் பதிலாக, புத்தகத்தை வாசித்து முடித்தவர் அந்தப் பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு வரி எழுத வேண்டும், கீழே தன் பெயரின் முதல் எழுத்து. நாளாக ஆக எங்களுக்கு ஒரு பழக்கமே வந்துவிட்டது, புதுப் புத்தகம் எது கையில் கிடைத்தாலும் அட்டையைக்கூடப் பார்க்காமல் விரல் முதலில் முப்பத்தேழுக்குத்தான் போகும்.

பெரும்பாலானவர்கள் ‘அருமை’, ‘சுமார்’ என்று எழுதுவார்கள். பாக்கியம் அக்கா மட்டும் வேறு மாதிரி. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பூக் கமிஷன் கடையில் மல்லிகையை மூட்டை கட்டி வேனில் ஏற்றிவிடுகிற வேலை, எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவர். விடியலுக்கு முன்பே வேலை தொடங்கி காலையிலேயே முடிந்துவிடும், மீதிப் பொழுதெல்லாம் வாசிப்பார். புத்தகம் எப்படி என்று எழுத மாட்டார், யாருக்கு என்று எழுதுவார். ‘கணவரோடு பேச்சை நிறுத்திய வாரத்தில் படிக்கவும். பா.’ ‘காய்ச்சலில் கிடப்பவருக்கு வேண்டாம். பா.’ ‘பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு. பஸ் வந்தாலும் ஏற மாட்டார். பா.’ இப்படி. நாங்கள் எல்லோரும் அந்த ‘பா’வைத் தேடித்தான் புத்தகம் எடுப்போம். எனக்கு முதல் குழந்தை கலைந்துபோனபோது அவர் என் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார், முப்பத்தேழில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை, வெறும் ‘பா’ மட்டும். அதை வாசித்துத்தான் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

தலைவர் என்று ஒருவர் இருந்தார். ஏதோ அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், நன்றாகப் பேசுவார், எல்லாப் புத்தகத்தைப் பற்றியும் பேசுவார். அக்கா என் காதில் சொல்வார், “அவரு எங்க வாசிக்கிறாரு புள்ள. கத்திரிக்கா வாங்குற மாதிரி தடவிப் பாத்துட்டு வச்சிர்றாரு.” நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன்.

ஒரு நாள் தலைவர் என்னைக் கூப்பிட்டு, பாக்கியம் எழுதிய குறிப்புகளை எல்லாம் ஒரு நோட்டில் நகலெடுத்துக் கொடுங்கள், உங்கள் கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கிறது, சின்னப் புத்தகமாகப் போடுவோம் என்றார். ஆறு ஞாயிறு உட்கார்ந்து நூற்றுப்பன்னிரண்டு புத்தகங்களில் இருந்து எழுதினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அவர் வீட்டில், பூ மூட்டை கட்டுகிறவளுக்குப் புத்தகம் எதற்கு என்று கணவரும் கொழுந்தனும் நக்கல் செய்வார்களாம். அதனால் அவருக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது.

“ஏ புள்ள ஜெசி, எம் பேரு உள்ளுக்க வருமா, அட்டையில வருமா?”

“அட்டையிலதான்க்கா.”

“பெரிசாவா?”

“இம்புட்டுப் பெரிசா” என்று கையை விரித்துக் காட்டினேன்.

அந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது, பதினோரு நாளில் போய்விட்டார்.

அடுத்து தலைவர், பீரோவில் உள்ள புத்தகங்களை நத்தம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப்போகிறோம், பிள்ளைகள் கையில் கிறுக்கலோடு கொடுக்கக்கூடாது, முப்பத்தேழாம் பக்கத்தை எல்லாம் அழித்துவிடுங்கள் என்றார். கூட்டத்தில் எல்லோரும் சரி என்றார்கள். நான் ரப்பரை எடுத்தேன். அக்காவின் கை பூவைத் தொடுகிற கை, அழுத்தியே எழுத மாட்டார், தேய்த்ததும் தடம்கூட இல்லாமல் போனது. கேட்க வாய் வரவில்லை, எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை என்று இன்றைக்கும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்வதில்லை. வெட்கக்கேடு, அவ்வளவுதான்.

வெளியீட்டு விழா ஞாயிறு நாலரை மணிக்கு. நாற்காலி போடவும் அச்சாபீசில் இருந்து வந்த கட்டைப் பிரிக்கவும் நான் இரண்டரைக்கே போனேன். மாடியில் யாரும் இல்லை, கரண்டும் இல்லை, ஜன்னல் வழியாக வெயில் தரையில் கொட்டிக் கிடந்தது. அச்சாபீஸ்காரர்கள் பழுப்புத் தாள் சுற்றி, பசை போட்டு ஒட்டி, சணலால் கட்டியிருந்தார்கள். முடிச்சு அவிழவில்லை, பையில் இருந்த தையல் கத்திரியால்தான் வெட்டினேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்டவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள்.

அட்டையைப் பார்த்தேன். ‘நான் பரிந்துரைக்கும் நூறு நூல்கள்’. கீழே தலைவர் பெயர். உள்ளே முன்னுரையில் பார்த்தேன், நன்றியில் பார்த்தேன், பின்னட்டையில் பார்த்தேன். அச்சாபீசுக்கு நன்றி, என் கையெழுத்துக்கு நன்றி. அக்கா எங்கேயும் இல்லை. உடம்பெல்லாம் கொதித்தது, அந்த மாதிரிக் கோபம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை. அந்த நேரத்திலும் பாருங்கள், பழக்கதோஷம், விரல் தானாக முப்பத்தேழுக்குப் போனது.

பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு வரி இருந்தது.

‘படிக்காமலே பேசுகிறவருக்கு ஏற்றது. பா.’

மல்லிகை வாசம் வந்தது என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். வரவில்லை. அச்சு மை நாற்றம்தான் அடித்தது. இடது பக்கம் சாய்ந்த அக்காவின் எழுத்து, கால் நீண்ட அந்த ‘பா’. விரலால் தொட்டேன், கரி ஒட்டியது. இரண்டாவது பிரதியை எடுத்தேன், அதிலும் இருந்தது. மூன்றாவதிலும். யாரோ ஒரே மாதிரி அச்சடித்தது கிடையாது, ஒவ்வொன்றிலும் வரி ஒரு நூலளவு ஏறி இறங்கியிருந்தது. ஏழெட்டுப் பிரதிக்குள் எழுத்து தடித்துக்கொண்டே வந்தது, பென்சில் முனை மழுங்கினால் வருமே, அப்படி. அடுத்த பிரதியில் மறுபடி கூர்மையாக, மெலிசாக இருந்தது. நான் குனிந்து தரையைப் பார்த்தேன், பென்சில் சீவிய தூள் எங்கேயும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன் என்று தெரியவில்லை. தலைவர் படியேறி வந்தபோது மணி நாலாக இருபது நிமிடம். என் கையில் இருந்த பிரதியை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. இன்னும் நாலைப் புரட்டினார்.

“வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். இம்புட்டு வெசமா ஒனக்குள்ள?”

நான் எழுதலை சார் என்றேன். அவர் காதில் வாங்கவே இல்லை.

“ரப்பர எடு. அழி. ஏற்கெனவே பூராத்தையும் அழிச்சவதான, இதுக்கு மட்டும் கை நோகுதா?”

அதுவரை அவர் என்னை ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவார். ‘அழிச்சவ’ என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது, எதற்காக அழிக்கச் சொன்னார், யாரை வைத்து அழித்தார் என்று.

“மாட்டேன் சார்” என்றேன். என் குரல்தான், எனக்கே புதிதாக இருந்தது.

அவர் பீரோவில் கிடந்த ரப்பரை எடுத்துத் தானே தேய்த்தார், அழிந்தது, ஆனால் நேரம் போதாது. கடைசியில் அன்றைக்குக் கொடுக்க வேண்டிய நாற்பது பிரதியை மட்டும் எடுத்து, அந்தத் தாளைச் சர்ர் சர்ரென்று கிழித்துச் சட்டைப் பைக்குள்ளும் ஜோல்னாப் பைக்குள்ளும் திணித்தார். மீதிக் கட்டை பீரோ மேலே தூக்கிப் போட்டார். நான் முதலில் பிரித்த பிரதி என் பைக்குள் போயிருந்ததை அவர் பார்க்கவில்லை.

கூட்டம் வந்தது, கரண்டும் வந்தது, பொன்னாடை போர்த்தினார்கள், பிரதிகளைக் கொடுத்தார்கள். நடுவில் ஸ்டேப்லர் பின் அடித்த சின்னப் புத்தகம் அது, ஒரு தாளைக் கிழித்தால் மறுபக்கம் அதன் ஜோடித் தாளும் பிடிப்பில்லாமல் வந்துவிடும், தலைவருக்கு அந்த யோசனை வரவில்லை. வாங்கியவர் மடியில் எல்லாம் ஒவ்வொரு தாள் விழுந்தது. அதைக்கூட யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் வாங்கியதும் என்ன செய்வார்கள்? அத்தனை விரலும் முப்பத்தேழுக்குத்தான் போனது.

சலீம் பாய்தான் முதலில் கேட்டார். “தலைவரே, முப்பத்தாறுக்கு அப்புறம் முப்பத்தொம்போது வருதே. அச்சாபீசுல எண்ணத் தெரியாதா?”

இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் அச்சுப் பிழை என்றார். கிழிந்த ஓரம் இருக்கிறதே என்றார் பாய்.

நான் எழுந்து நின்றேன். “அதுல இருக்கிறது பூராம் பாக்கியம் அக்கா எழுதுனது. ஒரு வரிகூட இவரு எழுதல. அக்கா பேரு அட்டையில வரும்னு நாந்தான் அவங்ககிட்ட சொன்னேன்.” பிறகு பைக்குள் இருந்த பிரதியை எடுத்துக் காட்டி, அன்று மதியம் பார்த்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ.

தலைவர் கோபப்படவே இல்லை. மைக்கைப் பிடித்து, பாவம், உயிர்த் தோழி இறந்த துக்கத்தில் ஜெசிந்தாம்மாவுக்கு மனது சரியில்லை, அவரே எழுதிவிட்டு அவரே பயப்படுகிறார், குறிப்புகள் எல்லாம் நாம் கூடிப் பேசியவைதானே என்று பரிவாகச் சொன்னார். எத்தனை தலைகள் ஆமாம் என்று ஆடின தெரியுமா? ஏழெட்டு வருஷமாக அந்த ‘பா’வைப் பார்த்துப் புத்தகம் எடுத்த தலைகள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சலீம் பாய் விடவில்லை. அக்கா கையெழுத்து இருக்கிற புத்தகம் ஒன்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று பீரோவைத் திறந்தார், பள்ளிக்கூடத்துக்கு என்று சொன்ன புத்தகங்கள் இன்னும் அதில்தான் இருந்தன. முப்பத்தேழு, முப்பத்தேழு, முப்பத்தேழு என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் வெள்ளை. அவ்வளவு சுத்தமாக அழித்திருந்தேன் நான். அடுத்த வாரம் இருவரும் நிலக்கோட்டைக்கு பஸ் ஏறி அக்கா வீட்டுக்கும் போனோம், ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவர் எழுதியது எல்லாமே எங்கள் புத்தகங்களில்தான். பீரோ மேலே கிடந்த மீதிப் பிரதிகளைத் தலைவர் அன்றே ஆட்டோவில் கொண்டுபோய்விட்டார், அவற்றில் என்ன இருந்தது என்று தெரியாது. வட்டம் அந்த வருஷமே கலைந்தது.

என் பையில் வந்த ஒரு பிரதி இன்னும் இருக்கிறது. பென்சில் மங்கவில்லை. ஆத்திரம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன், அது அக்கா கைதான், யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனால் ஒன்றை இதுவரை வெளியில் சொல்லவில்லை. அக்காவுக்கு வல்லின ‘ற’ எழுத வராது. எல்லா இடத்திலும் ‘ர’ போடுவார், ‘ஏர்ரது’, ‘பேசுகிரவர்’ என்றுதான் இருக்கும், நகலெடுத்தபோது எல்லாவற்றையும் நான்தான் திருத்தினேன். இந்த வரியில் இரண்டு வார்த்தையிலும் ‘ற’ சரியாக இருக்கிறது.

போன வருஷம் முதன்முறையாக என் மகளிடம் இதைச் சொன்னேன். இதில் என்னம்மா குழப்பம், ஒரு பென்சிலை எடுத்து அதே வரியை நீயே ஒரு தடவை எழுதிப் பார், தெரிந்துவிடும் என்றாள்.

நான் இதுவரை எழுதிப் பார்க்கவில்லை.