என்ஜினில் தொங்கிய சிவப்புப் பலகை

ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்து வீட்டு செல்வி அக்கா, இப்போது ஒரு பாரம்பரிய மலை ரயிலின் டீசல் என்ஜின் பணிமனையில் ஃபிட்டர். இன்று பார்வையாளர் நாள் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

போனபோது அக்கா ஒரு என்ஜினுக்கு அடியில் வேலையாக இருந்தார். என்ஜினில் ஒரு சிவப்புப் பலகை தொங்கியது. என்ஜினோடு படமெடுத்துக்கொள்ள அது இடைஞ்சல். படத்தில் நிற்கவே கூசுகிற நான், இன்று ஆசைப்பட்டு அதைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

ஓட்டுநர் வந்தார். பலகை இல்லை என்று பார்த்ததும் ஏறிவிட்டார். நல்லவேளை, கிளப்பும் முன் பழக்கத்தில் கத்தினார்: "அடியில ஆள் இருக்கா?"

"நான் கீறேன்! பலகை இன்னா ஆச்சு?"

கிளப்பியிருந்தால் அக்காவின் கை போயிருக்கும். பலகையைத் தூக்கி, அடியிலிருந்த அக்காவுக்குக் காட்டினேன்.

"அவ்ளோ புக்கு படிக்கிறியே, 'ஆள் வேலை செய்கிறார்'னு தமிழ்லதான எழுதிக்கீது?"

படித்தேன்தான். எழுத்து அழகாக இல்லை என்றுகூட நினைத்தேன்.

"மாட்டாத. நான் வெளிய வர்ற வரைக்கும் நீயே புடிச்சிக்கினு நில்லு."

ஒரு மணி நேரம் நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் என்ஜினோடு என்னையும் படமெடுத்தார்கள்.

அந்தப் படம் யார் கண்ணிலாவது பட்டால், தயவுசெய்து என்னை டேக் செய்யாதீர்கள்.