கை தட்டிய நாற்பத்தேழு நிமிடம்

இது நடந்தது. பாளையங்கோட்டையில், பட்டப்பகலில், சாப்பாட்டு வேளைக்குப் பிறகு நடந்தது. பேய்க்கு நடுராத்திரி வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்காமல் விடலாம். பயந்தவள் பெர்சிஸ். எழுதுகிறவன் மட்டும்தான் நான். நேரங்களெல்லாம் அவள் கைக்கடிகாரம் சொன்னவை.

பெர்சிஸ் வீடியோ எடிட்டர். அவள் வேலை செய்யும் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று விழுந்து ஒரு மாதம். ஸ்டூடியோ முதலாளி கிருபைராஜ் அண்ணாச்சி "நாளைக்கு மாட்டிருவோம்" என்று தினமும் தாராளமாகச் சொல்வார். அதுவரை கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு பழைய யூபிஎஸ் பேட்டரியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நகர்த்த இரண்டு ஆள் வேண்டும்.

அன்று மாலை ஐந்து மணிக்கு சாலோமி டீச்சரின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. டீச்சர் ஓய்வு பெற்றபோது சபையார் முன் சொன்ன சாட்சியை, தன் வாழ்வில் கடவுள் செய்த நன்மைகளை, மகன் ஹெப்ரான் படம் பிடித்திருந்தான். பன்னிரண்டு நிமிடம். அதைத்தான் கோயிலில் போடப்போகிறார்கள். ஹார்டு டிஸ்கைக் கொடுத்தபோது சொன்னான்.

"அம்மா சத்தம் இதுல மட்டுந்தாம்மா இருக்கு. பாத்து செய்யி."

படம் ஒரு கேமராவில், குரல் வேறொரு கருவியில். இரண்டையும் பொருத்த ஒரு வழி உண்டு. பேசத் தொடங்குமுன் ஒருமுறை கை தட்ட வேண்டும். படத்தில் கை சேரும் இடத்தையும் ஒலியில் 'டப்' வரும் இடத்தையும் ஒன்றாக வைத்தால் போதும். டீச்சரும் வெட்கத்தோடு சிரித்து, ஒருமுறை கை தட்டிவிட்டுத்தான் பேசினார். பெர்சிஸ் அதைப் பொருத்தினாள். பிறகு அந்த 'டப்'பை வெட்டி எறிந்தாள். எல்லா எடிட்டரும் செய்வதுதான்.

மணி 1:50. முடித்த படத்தைத் தனிக் கோப்பாக வெளியே எடுத்து, ஓடவிட்டாள். பன்னிரண்டு நிமிடம் முடிந்த பின்னும் படம் ஓடியது. வெறும் கறுப்புத் திரை... நாற்பத்தேழு நிமிடம்.

கடைசியில் ஏதாவது துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. தற்காலிகக் கோப்புகளை அழித்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். புதிதாகவே தொடங்கிப் பார்த்தாள். திரும்பவும் நாற்பத்தேழு நிமிடம்.

அண்ணாச்சியைக் கேட்கலாம் என்றால் அவர் படப்பிடிப்புக்குப் போயிருந்தார். அந்தக் கறுப்பில் என்னதான் இருக்கிறது? வயர் இல்லாத ஹெட்போனை மாட்டி ஓடவிட்டாள்.

மணி 2:31.

டப்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

திரும்பினாள். பேட்டரி ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. தரையில் இழுத்த கோடு.

டப்... டப்... டப்...

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. போன் வெளியே மேசையில் சார்ஜில் இருந்தது. "அண்ணாச்சி! யாராவது இருக்கீயளா?" முட்டை அட்டை அவள் குரலை அப்படியே விழுங்கியது.

2:44. கரண்ட் போனது. இருட்டு. யூபிஎஸ் பீப்... பீப்... என்று கத்தி, ஆறு நிமிடத்தில் அதுவும் அடங்கியது. கம்ப்யூட்டர் அணைந்தது.

டப்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

டப்.

சத்தம் அறைக்குள் இருந்தது.

மூச்சு முட்டியது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. செத்துப்போவோம் என்றே நினைத்தாள்.

வேறு வழி தெரியாமல்... அவளும் கை தட்டினாள்.

பக்கத்தில், அவள் தோளுக்கு மிக அருகில்...

டப்.

அவள் தட்டினாள். அதுவும் தட்டியது. தட்டத் தட்ட, அந்தச் சத்தத்தின் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

பிறகு நின்றது.

கதவு திறந்தது. 3:18.

மறந்துபோன லைட்டை எடுக்கத் திரும்பி வந்த கிருபைராஜ் அண்ணாச்சி நின்றிருந்தார்.

"ஏளா, உள்ள யாரு கூட இருக்கே? ரெண்டு பேரு கை தட்டுத சத்தம் மாடிப்படி வரைக்கும் கேக்கு!"

கத்தினால் கேட்காத அறை அது.

கரண்ட் வந்ததும் படத்தை மறுபடி கோப்பாக வெளியே எடுத்தார்கள். சரியாகப் பன்னிரண்டு நிமிடம். கறுப்பு இல்லை. டீச்சரின் குரல் சுத்தமாக இருந்தது.

நான்கு மணிக்கு ஹெப்ரான் வந்தான். படம் பார்த்து அழுதான்.

"தொண்டையில ஆபரேஷன் பண்ணதுலருந்து அம்மாவுக்குக் குரலே கெடையாது. என்னக் கூப்பிடணும்னா கைதான் தட்டுவாவ. போன வருஷம் குளிக்கப் போன எடத்துல தாழ்ப்பா சிக்கிக்கிட்டு, மூச்சுத் திணறி..." நிறுத்தினான். "கை தட்டுன சத்தம் எனக்குக் கேட்டுச்சும்மா. எதிர்வீட்டு ஜெபக்கூட்டத்துல பாட்டுக்குத் தட்டுதாவன்னு நெனச்சேன். சாப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

"எத்தன மணி இருக்கும்ணே?" பெர்சிஸ் கேட்டாள்.

"ரெண்டு முப்பத்தொண்ணு. ஜெபக்கூட்டம் எப்பவும் ரெண்டரைக்குத் தொடங்கும். 'இன்னைக்கு ஒரு நிமிசம் பிந்திட்டாவ'ன்னு மணி பாத்தேன். கதவ ஒடைக்கும்போது மூணு பதினெட்டு."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"அன்னைக்குக் கூட்டமே இல்ல. எதிர்வீட்டுல எல்லாரும் நாங்குநேரிக்குப் போயிருந்தாவ. காலையிலருந்தே பூட்டுதான் தொங்கிச்சு. என் கண்ணு முன்னாலயே தொங்கிச்சு."

மேசைக்கு அடியில் பெர்சிஸின் உள்ளங்கைகள் இன்னும் சிவந்திருந்தன.