சைரன் விரலை எடுக்கவில்லை

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அந்தக் கிடங்கில் அதைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. சைரன் என்றால்தான் தெரியும். மாடியில் பேக்கிங் மேசையருகே நின்று “டேப் தீர்ந்துடுச்சு!” என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், கீழே லாரிக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். அப்படி ஒரு தொண்டை. அந்தத் தொண்டையைக் கட்டிக்கொண்டவருக்கோ பிறவியிலேயே காது கேட்காது. அதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். “உன் புருஷன் குடுத்து வச்சவர்” என்று கேலி செய்யாதவர்கள் அங்கே இல்லை. அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

வீட்டில் அந்தத் தொண்டைக்கு வேலையே கிடையாது. ஒற்றை அறை, ஓர் ஓரத்தில் அடுப்பு, இன்னோர் ஓரத்தில் கட்டில். பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் கையால்தான். சைகையில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது என்பது அவளுக்கு ரொம்ப வசதி. அவருக்கும் ஒரு வசதி உண்டு. சண்டை முற்றினால் கண்ணை மூடிக்கொள்வார். அதற்குமேல் அவள் எவ்வளவு கையை வீசினாலும் காற்றுக்குத்தான். அவள் சும்மா விடுவாளா? எழுந்துபோய் விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பாள். மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் வந்து குத்தும். சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணைத் திறந்துவிடுவார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஒன்றைச் சைகையால் சொன்னால், எதிரில் இருப்பவர் தலையாட்டும்வரை கையை இறக்க மாட்டார். பார்த்தார்களா, புரிந்ததா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி ஏது? சில நாள் வேண்டுமென்றே அவள் பார்க்காததுபோல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். தண்ணீர் வேண்டும் என்று காட்டிய கையோடு மனுஷர் அப்படியே நிற்பார்.

கல்யாணமாகி வெகுகாலம்வரை அவர் வாசலைத் தாண்டிவிட்டால் அவ்வளவுதான். பஸ் தவறியதா, விழுந்துவிட்டாரா, ஒன்றும் தெரியாது. எழுத்து அவருக்கு அவ்வளவாக ஓடாது. பிறகுதான் கையடக்க போனில் வீடியோ வந்தது. முதன்முதலாக அவர் கூப்பிட்டது ஒரு பழக்கடையிலிருந்து. போனைத் தராசின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும், ‘வாழைப்பழமா, கொய்யாவா?’ என்று கேட்டார். கண்ணெதிரே இல்லாத இடத்திலிருந்து அவர் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் கொய்யா என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அழுதாள்.

கிடங்கிலும் அதே ஏற்பாடுதான் நடந்துவந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் அவருடைய போன் ஒரு கிளிப்பில் நிற்கும். லோடு மேஸ்திரி வீடியோவில் கூப்பிடுவார். திரை மின்னியதும் இவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். மேஸ்திரி நான்கு விரல் காட்டினால் நாலாம் கதவு. இவர் தலையாட்டுவார், சரக்கு போய்ச் சேரும். இதற்காக யாரும் கூட்டம் போடவில்லை, உத்தரவு எழுதவில்லை. நன்றாக நடக்கிற காரியத்துக்கு அதெல்லாம் எதற்கு?

நன்றாக நடப்பதுதான் சிலர் கண்ணை உறுத்தும். புதிதாக வந்த சூப்பர்வைசர், வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டச் சொன்னார். பதிலுக்கு ஆளுக்கொரு செட் கொடுத்தார்கள். போன் நெட்வொர்க்கிலேயே வேலை செய்யும் செட். பக்கவாட்டில் பெரிய பட்டன். அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும், பேசுவது கிடங்கு முழுக்கக் கேட்கும். ஒருவர் அமுக்கிக்கொண்டிருக்கும்வரை இன்னொருவர் பேச முடியாது. ஆபீஸ்காரர்கள் நடுவில் புகுந்து பேசுகிற வசதிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். அதை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

காது கேட்காத மனுஷன் கையிலும் அதே செட்டைக் கொடுத்தார்கள். யோசிக்க வேண்டாமா? இதைவிடக் கொடுமை, வீடியோ அந்தச் செட்டுக்குள்ளேயே இருந்தது. ஆனால் கூப்பிடும் உரிமை சூப்பர்வைசருக்கு மட்டும். தோன்றிய நேரத்தில் மேசை மேசையாகக் கூப்பிட்டு, யார் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்ப்பார். வாயில் சோற்றோடு அவள் அவருக்கு முகம் காட்டிய நாளும் உண்டு.

சைரன் சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்கே போய்க் கேட்டாள்.

“சார், அவருக்கும் மேஸ்திரிக்கும் மட்டும் வீடியோவைத் திறந்து விடுங்க சார்.”

“வண்டி ஓட்டறவங்க வீடியோ பார்க்கக் கூடாதும்மா. ஆபத்து.”

“அவரு நிறுத்திட்டுத்தான் சார் பார்ப்பாரு. இத்தனை வருஷமா அப்படித்தான்.”

“ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா? பழகிக்கச் சொல்லு.”

எதைப் பழகிக்கொள்வது? காது கேட்பதையா? கேட்டிருப்பாள். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு வந்தாள். அன்று வீட்டில் பாத்திரங்கள்தான் பாடுபட்டன.

ஷிஃப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். பட்டனை அமுக்கி, “வந்துட்டேன் சார்” என்று சொல்ல வேண்டும். இவரும் மேஸ்திரி தோளைத் தொட்டதும் அமுக்குவார். வண்டியின் உறுமல்தான் போகும். “பதில் இல்லை” என்று எச்சரிக்கை. மறுபடி ஒன்று. இன்னொரு தடவை நடந்தால் வண்டியிலிருந்து இறக்கி, கொல்லைப்புறத்தில் அட்டை மிதிக்க அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். பழைய பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக் கட்டுகிற வேலை. ஃபோர்க்லிஃப்ட் ஆசனத்தில் மேல்துண்டை மடித்துப் போட்டு உட்காரும்போது அவருக்கு வருகிற மிடுக்கு அவளுக்குத் தெரியும். தான் கற்ற ஒரே தொழில் அதுதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுவார். அதைப் பறித்துவிட்டால் அவர் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், எந்த விளக்கும் அவரைக் கண் திறக்க வைக்காது என்று அவள் பயந்தாள்.

அந்த நாளும் வந்தது. லாரிகள் வரிசை கட்டி நின்ற மதிய நேரம். இவருக்கு எந்தக் கதவு என்று தெரியவில்லை. மேஸ்திரி எங்கோ லாரிக்குள் இருந்தார். எல்லோரும் பட்டனை அமுக்கித்தானே கேட்கிறார்கள், நாமும் கேட்போம் என்று அமுக்கினார். அமுக்கியவர் விரலை எடுக்கவில்லை. யாராவது பார்த்துத் தலையாட்டும்வரை கையை இறக்கியே பழக்கமில்லாத மனுஷர் ஆயிற்றே! தலையாட்ட ஒரு முகம் வரும் என்று சிவப்பு விளக்கைப் பார்த்தபடி காத்திருந்தார்.

கிடங்கு முழுக்க வண்டியின் உறுமலும் ஒரு மனிதரின் மூச்சும். வேறு ஒருவரும் பேச முடியவில்லை. ஏற்ற வேண்டிய சரக்கு இறங்கியது, இறக்க வேண்டியது ஏறியது. சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்து அவர் கையிலிருந்த செட்டைப் பிடுங்கி வண்டியின்மேல் வைத்தார். பிறகு தன் செட்டை அமுக்கினார்.

“இந்தச் செவிட்டை வண்டியில இருந்து இறக்குங்கய்யா. அட்டை மிதிக்க அனுப்புங்க.”

எல்லா இடுப்பிலும் தொங்கிய எல்லாச் செட்டிலும் அது கேட்டது. லாரிக்காரர்களுக்குக் கேட்டது. பெருக்குகிற அம்மாவுக்குக் கேட்டது. அவர் ஒருவருக்குத்தான் கேட்கவில்லை. சூப்பர்வைசர் கையை ஆட்டி விரட்டியதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் வண்டி பக்கத்தில் நின்றார்.

மாடியிலிருந்து பார்த்த சைரனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டேப்பைக் கீழே போட்டாள். செட்டை எடுத்துப் பட்டனை அமுக்கினாள்.

“சார், பேக்கிங் மேசையில இருந்து பேசறேன். இந்தப் பட்டனை இப்ப விடறதா இல்ல. நீங்க எவ்வளவு அமுக்குனாலும் உங்க சத்தம் வராது. அவருக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சுதானே வேலைக்கு எடுத்தீங்க? இதை அவர் கையில குடுத்தது யாரு? வாயால பதில் சொல்லுன்னு கேட்டது யாரு? கண்ணு தெரியாதவங்ககிட்ட போட்டோவைக் குடுத்துட்டு, ஏன் பார்க்கலன்னு அடிப்பீங்களா? வீடியோ இதுக்குள்ளதானே சார் இருக்கு! நான் சோறு தின்னுற மூஞ்சியப் பார்க்க வீடியோ இருக்கு, அவரு கையப் பார்க்க இல்லையா?”

சூப்பர்வைசர் தன் செட்டை அமுக்கினார், குலுக்கினார், மறுபடி அமுக்கினார். கீழேயிருந்து வாயை அகலத் திறந்து ஏதோ கத்தினார். லாரி இன்ஜின் சத்தத்தில் அது மாடி ஏறவில்லை.

“கேக்கல சார்,” என்றாள் அவள். “எங்க வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதா? செவிடுன்னு சொன்னீங்க. ஊருக்கே கேட்டுச்சு. அதைப் போய் அவர்கிட்ட நான்தான் சொல்லணும், இந்தக் கையால. அதுக்கு எப்படிக் கை வரும்னு சொல்லுங்க. நாள் முழுக்க அவரோட வேலை செய்றவங்களும் இங்கதான் இருக்காங்க. ஒருத்தருக்குமா பதில் சொல்ல வாய் வரல? இந்தா, விட்டுட்டேன். பேசுங்க.”

விரலை எடுத்தாள். விளக்கு அணைந்தது. ஒரு செட்டிலும் ஒரு சத்தமும் வரவில்லை.

எல்லோரும் மாடியையே பார்ப்பதைக் கண்டு, கீழே அவள் கணவரும் அவளைக் கண்டுபிடித்து அண்ணாந்து பார்த்தார். ‘இவ்வளவு நேரம் பேசியது யார்?’ என்று கை கேட்டது.

‘நான்’ என்று காட்டினாள்.

‘என்ன பதில் சொன்னார்கள்?’

அவளுக்குக் கை எழவில்லை. அவர் கேட்ட கையை இறக்காமல் காத்திருந்தார். வெங்காயம் நறுக்கும் நாட்களில் இதற்குத்தான் சிரிப்பாள். இன்று மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது லாரிக்குள்ளிருந்து மேஸ்திரி இறங்கி வந்தார். தன் செட்டை இடுப்பிலிருந்து கழற்றி ஒரு பெட்டியின்மேல் வைத்தார். சூப்பர்வைசரைத் தாண்டி நேராகப் போய் அவள் கணவர் எதிரில் நின்று, வண்டியைக் காட்டினார். பிறகு நான்கு விரலை உயர்த்தினார்.

“யாரைக் கேட்டு அவனை ஏத்தறே?” என்று எல்லாச் செட்டிலும் சூப்பர்வைசரின் குரல் வந்தது. பெட்டியின்மேல் இருந்த செட்டும் அதைச் சொன்னது. மேஸ்திரி திரும்பவில்லை.

அவர் துண்டை மடித்து ஆசனத்தில் போட்டு ஏறி உட்கார்ந்தார். மேஸ்திரியைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்கப்புறம்தான் மேஸ்திரி கையை இறக்கினார்.