படகுக்கு ஒரு பங்கு

நானும் அவளும் ஒரே நாளில் இந்தத் தீவுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் சமூக அறிவியல், அவள் அறிவியல். எனக்குத் தங்கச்சிமடம், அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். அவளுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம், மிளகாய் விளைகிற ஊர். சேர்ந்த புதிதில் கழிவு மீனான சங்காயத்துக்கும் சாளை மீனுக்கும் வித்தியாசம் தெரியாமல் என்னிடம்தான் கேட்பாள். நானும் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொடுப்பேன். அதுவரை அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மாவட்ட அளவில் மாதிரி வகுப்பு, பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தலைப்பு, மக்கள்தொகைப் பெருக்கமும் சுற்றுச்சூழலும். அது என் பாடம். ஆனால் தலைமையாசிரியை, அறிவியலிலும் அது வருகிறதே, இரண்டு பேரும் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார். அன்று மாலையிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் ப்ரொஜெக்டர் போட்டேன். உலக வரைபடத்தில் மனிதர்கள் புள்ளி புள்ளியாகக் கூடிக்கொண்டே போய், கடைசியில் ஆசியாவே தெரியாமல் மூடிக்கொள்ளும் காணொளி. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மறுநாள் ஒரு டப்பா கடலை மிட்டாய் வாங்கிப் போனேன். ஒரு மேசை ஒரு நாடு, மிட்டாய்தான் அதன் மொத்த வளம். ஆளுக்குச் சமமாகப் பிரித்து நோட்டில் எழுத வேண்டும். பிறகு நான் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டே போவேன். பங்கு சுருங்கச் சுருங்க அவர்களே புரிந்துகொள்வார்கள் என்பது என் கணக்கு.

எல்லா மேசையிலும் விடை தவறாக வந்தது. ஆளுக்கு எத்தனை என்று பார்ப்பதற்கு முன்பே மூன்று மிட்டாயைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். இது யாருக்கு என்று முதல் மேசையில் இருந்த பெண்ணைக் கேட்டேன். வகுப்பிலேயே துடியான பெண்.

"படகுக்கு ஒண்ணு, வலைக்கு ரெண்டு, டீச்சர்."

பிடித்து வந்ததைப் பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு என்றால் படகுக்கும் வலைக்கும் பங்கு உண்டு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அந்தப் பங்குதான் கிழிந்த வலைக்கும் ஓட்டை விழுந்த படகுக்கும் ஆகும். இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் அன்று என் கையில் பாடத்திட்டம் இருந்தது. "இங்கன ஒண்ணும் மீன் ஏலம் நடக்கல. தலைக்கு எத்தனைன்னுதான் கேட்டேன்" என்று சொல்லி அத்தனை நோட்டிலும் சிவப்பு மையில் பெருக்கல்குறி போட்டேன்.

அடுத்த வகுப்பு அவளுடையது. மறந்து வைத்த டஸ்டரை எடுக்கத் திரும்பி வந்த நான் வராந்தாவிலேயே நின்றுவிட்டேன். அந்த மூன்று மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் விசாரித்துக்கொண்டிருந்தாள். படகுக்கு எதுக்குப் பங்கு, அது சாப்பிடுமா என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. பிறகு பொறுமையாக, முண்டியடித்துக்கொண்டு, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"சரித்தா, படகுக்குக் குடுத்தீக, வலைக்கும் குடுத்தீக. கடலுக்கு எத்தன குடுத்தீக?"

பின்வரிசையிலிருந்து ஒருவன் மெதுவாக, மீன்பிடித் தடைக்காலம் கடலுக்குக் கொடுக்கிற பங்குதானே என்றான். இன்னொருத்தி, குஞ்சு மீனைத் திரும்ப விடுவது என்றாள். அங்கிருந்து காடு, காற்று, நிலத்தடி நீர் என்று உலகமே உள்ளே வந்துவிட்டது. எனக்கு நெஞ்சு எரிந்தது. இந்தக் கடலை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அவள் வந்து முழுசாக ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தக் கேள்வி எப்படி அவள் வாயில் போய் விழுந்தது?

ஆசிரியர் அறைக்கு வந்ததும் முகமெல்லாம் மலர என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ இங்கனயே பொறந்தவ, தெரிஞ்சேதான் பிள்ளைகளைச் சீண்டி விட்டிருக்க என்று பாராட்டினாள். நான் மறுக்கவில்லை. தலைமையாசிரியை வந்து கேட்டபோதும், "பாடம் இவளோடது. நான் மிச்சத்தத்தான் பேசுனேன்" என்றாள். மாதிரி வகுப்பு எனக்குக் கிடைத்தது. அவள் தோற்று எனக்குக் கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் கொடுத்துக் கிடைத்ததில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

ஆறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் ராமநாதபுரம் போனேன். பாம்பன் பாலத்தில் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நான் மட்டும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மிட்டாயைக் கொடுப்பேன். மூன்றை எடுத்து வைப்பார்கள். நான் காரணம் கேட்பேன். பிறகு அந்தக் கேள்வியை, என் கேள்வியாகவே, கேட்பேன்.

அரங்கம் நிறைய ஆசிரியர்கள். மிட்டாயைக் கொடுத்தேன். ஆறு பேரும் மளமளவென்று எண்ணி, தலைக்கு இத்தனை என்று சரிசமமாகப் பிரித்து, மேசையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். தனியாக ஒன்றுகூட இல்லை.

காத்திருந்தேன். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். குனிந்து, படகுக்கு என்று கிசுகிசுத்தேன்.

அந்தத் துடியான பெண் என்னைக் காப்பாற்றுகிற குரலில், அரங்கத்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "அது தப்புன்னு நீங்கதான டீச்சர் சொன்னீக. இப்பச் சரியா செஞ்சுட்டோம்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. சமாளித்திருக்கலாம். ஆனால் உண்மைதான் வாயில் வந்தது. ஆமாம், தப்புப் போட்டது நான், அது தப்பில்லை என்று கண்டுபிடித்தது எங்கள் பள்ளியின் இன்னொரு டீச்சர் என்றேன். பிறகு அவளுடைய கேள்வியை அவளுடையது என்று சொல்லியே கேட்டேன். பிள்ளைகள் அருமையாகப் பேசினார்கள். முடிந்ததும் நான்கைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்டது, அந்த டீச்சர் ஏன் வரவில்லை என்றுதான்.

திரும்பும்போது, மண்டபம் தாண்டியதும் அவளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: எப்படிப் போச்சு? பக்கத்தில் அந்தப் பெண் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள். என் சிவப்புப் பெருக்கல்குறி பக்கத்தையே அடைத்துக்கொண்டிருந்தது. அதை அடிக்காமல், திருத்தாமல், ஓரத்தில் பென்சிலால் பொடியாக, ஆசிரியர் அறையில் நான் தினமும் பார்க்கிற கையெழுத்தில், எழுதியிருந்தாள் அவள்: கடலுக்கு?

பிள்ளைகள் முன்னால் என்னைத் தாழ்த்தாத இந்த மரியாதையும் அவளிடமே இருக்கிறது. நல்லாப் போச்சு என்று அடித்தேன். உன் கேள்வியால்தான் என்று சேர்த்தேன், அழித்தேன், திரும்பச் சேர்த்தேன். அனுப்பி முடித்தபோது பஸ் பாலம் ஏறியிருந்தது.