கல்யாணப் பாட்டு என்று நான் சொன்ன இசைத்தட்டு

அம்பத்தூரில் நான் ஆசிரியராக இருந்தபோது, பள்ளி ஆண்டு விழாவுக்கு மைக் செட் கட்ட ஒருவர் வருவார். ஒல்லியான மனிதர். ஊசியை வைக்கும் முன் ஒவ்வொரு இசைத்தட்டையும் சட்டை நுனியால் துடைப்பார்.

ஓர் ஆண்டு உலக நாடுகளின் நடனங்கள் என்று நிகழ்ச்சி வைத்தேன். ரஷ்யக் கல்யாண நடனத்துக்கென்று பழைய தட்டு ஒன்று வாங்கினேன். அதிலிருந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. ஒத்திகையில் அவர் சொன்னார்:

"சார், இது கண்ணாலப் பாட்டு இல்ல. ஒப்பாரி கணக்கா கீது."

"உனக்கு ரஷ்ய பாஷை தெரியுமா?"

"பாஷை இன்னாத்துக்கு சார்? சாவு ஊட்லயும் செட்டு கட்றவன்தானே நான்."

சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

விழாவில் மாணவிகள் மணப்பெண் வேடத்தில் ஆடத் தொடங்கியதும், விருந்தினராக வந்திருந்த ரஷ்ய இன்ஜினியர் எழுந்து, அது இறந்தவர்களுக்காகப் பாடுவது என்றார். தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார்.

"செட்டுக்காரன் தட்டை மாத்திப் போட்டுட்டான் சார்" என்றேன்.

செட்டுக்காரர் ஊசியை எடுத்தார். "ஆமா சார், நான்தான்" என்றார்.

அதன்பின் எங்கள் பள்ளி அவரைக் கூப்பிடவில்லை.

அன்று வயர்களைச் சுருட்டியபின், அந்தத் தட்டைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். ஏன் ஒத்துக்கொண்டார் என்று நான் அப்போதே கேட்டிருக்கலாம். தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒருமுறைகூட அதைப் போட்டதில்லை.