முதுகில் ஆருடைய பெயர்?

மடியில் மகள் துஷி பனிக்குப் போடுகிற சினோ ஜக்கெற் கிடக்கிறது. நேசரியில் பிள்ளைகளின் ஜக்கெற்றுகள் மாறிப் போகிறதாம், பெயர் தைத்து அனுப்பச் சொல்லிவிட்டார்கள். ஒரு எழுத்தைத் தைப்பதும், ஊசியைக் குத்தி வைத்துவிட்டு இந்தத் தாளில் இரண்டு வரி எழுதுவதுமாக இருக்கிறேன். இன்றைக்குக் கை ஓரிடத்தில் நிற்குதில்லை. ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

ஐஸ் ஹொக்கிக்காரரின் தொழிலை எல்லாரும் முன்பக்கத்தால் பார்ப்பார்கள், நான் முதுகுப் பக்கத்தால் பார்த்தவள். பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே சம்பளத்துக்கு விளையாடுகிற ரீம் ஒன்றின் உடுப்புகளைத் தோய்ப்பதும் கிழிசல் தைப்பதும் என் வேலை. ஃபக்டரி, ஹோட்டல், கிளீனிங் என்று சினோவுக்குள் பஸ்ஸுக்கு நிற்கிற அக்காமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கு என் பாடு விளங்கும். ஆனால் ஹொக்கிக் கையுறையின் மணம் உங்களுக்கு விளங்காது. ஈரச் சாக்கில் கருவாட்டைக் கட்டி ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட வரும்.

அவர்கள் பேசியது இங்கிலிசில். எனக்கு விளங்கின மாதிரி எங்கட பேச்சில் எழுதுகிறேன்.

கன்டி

வேலைக்குச் சேர்ந்த அன்று, சாமான் அறைக்குப் பொறுப்பான ஜோ என் பாஸ்போட்டைப் பார்த்தார். அதில் 'கந்தையா ராஜேஸ்வரி' என்று இருந்தது. எங்கட வழக்கப்படி அப்பாவின் பெயர் முன்னுக்கு, என் பெயர் பின்னுக்கு. ஜோ முன்னுக்கு இருந்ததை எடுத்து, அதையும் பாதியில் முறித்து, 'கன்டி' ஆக்கிவிட்டார். கன்டி என்றால் இங்கே இனிப்பு. கதவு நிலையில் தலை இடிக்கிற உயரத்தில் ஆம்பிளைகள் வந்து நின்று, "கன்டி, என்ர சொக்ஸ் எங்கை?" என்று கேட்க, எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருக்கும். பிழையென்று சொல்ல எனக்கு இங்கிலிசும் காணாது, வாயும் காணாது. ஏழாம் வகுப்போடு நின்றவள், அதோடு கூச்சம் வேறு.

வீட்டுக்கு வந்து இவரிடம், என் புருசனிடம், சொன்னேன். மனுசன் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "யாழ்ப்பாணத்தில பிறந்தவளைக் கடைசியில கண்டியாக்கிப் போட்டாங்களே!"

பல்லும் கையும்

ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் ஒரு தடியன் தையல் அறைக்குள் ஓடிவந்தான். வாயெல்லாம் இரத்தம். ஒரு கையில் ஏதோ வெள்ளையாக வைத்திருந்தான். பார்த்தால் அவனுடைய முன்பல்! நான் "ஐயோ முருகா" என்று கத்தி, ஒரு துவாயைத் தூக்கிக்கொண்டு அவன் வாய்க்குக் கிட்டப் போனேன். அவன் தலையை அங்கால் இழுத்துக்கொண்டு, தோளில் கிழிந்து தொங்கிய ஜேர்சிக் கையைக் காட்டினான்.

"பல்லுக்கு டொக்டர் இருக்கிறார், கன்டி. சேட்டுக்கு நீ ஒராள்தானே இருக்கிறாய், கெதியாத் தை!"

டேனி

டேனி வடக்கே நிக்கல் சுரங்க ஊரொன்றிலிருந்து வந்த பெடியன். ரீமில் இன்னும் சேர்க்கவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று வைத்திருந்தார்கள். மற்றவர்கள் பகிடி விட்டுக்கொண்டு உடுப்பு மாற்றுகிற நேரம், இவன் உடுப்புக் காய வைக்கிற என் டிரையருக்குப் பக்கத்தில் வந்து பேசாமல் இருப்பான். நானும் பேசமாட்டேன். இரண்டு ஊமைகளும் ஒரு டிரையரும்.

ஆட்டத்தில் இறக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றுதான் வாய் திறந்தான். தகப்பன் ஆட்டம் பார்க்க, சுரங்கத்தில் தன்னோடு வேலை செய்கிறவர்களையும் ஏற்றிக்கொண்டு காரில் வருகிறாராம். மகனைத் தன்னோடு சுரங்கத்துக்கு எடுக்கவும் ஆள் பிடித்து வைத்திருக்கிறாராம். டேனி சப்பாத்துக் கயிற்றைப் பார்த்தபடி சொன்னான்: "இண்டைக்குச் சரிவராட்டி, வாற அதே காரில நானும் திரும்பிப் போகவேணும்."

ஜோவின் துண்டு

முதுகில் ஒட்டுகிற பெயரை வழமையாக ஜோதான் எழுத்து எழுத்தாகத் துணியில் குத்தித் தருவார், நான் தைப்பேன். அன்றைக்கு அவருக்கு ஸ்கேற் சப்பாத்துகளின் கத்தி தீட்டவே நேரமில்லை. ஒரு கடதாசித் துண்டில் எழுதி எறிந்துவிட்டு ஓடினார். 'பெட்ரோவ்சுக் டேனி' என்று இருந்தது. எனக்கு என்ன சந்தேகம்? முன்னுக்கு இருப்பது தகப்பன், பின்னுக்கு இருப்பது பிள்ளை. எல்லாரும் கூப்பிடுவதும் டேனி. மற்றவர்களின் முதுகில் இருப்பதும் அவரவர் சொந்தப் பெயர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அழகாக, வளைவாக, ஒரு துணியில் DANNY என்று வைத்து ஜேர்சியின் முதுகில் தைத்தேன். கடைசி நூலை அறுக்க முன்னமே டேனி ஜேர்சியைப் பறித்துத் தலையால் மாட்டிக்கொண்டு ஓடிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு பெரிய சிரிப்புச் சத்தம். பிறகு கூரை அதிர ஆயிரம் வாய் சேர்ந்து "டேனி! டேனி!" என்று கத்தத் தொடங்கியது. எங்கட பெடியனுக்கு இவ்வளவு செல்வாக்கா என்று நான் துள்ளிக்கொண்டு நிற்க, ஜோ செத்தல் மிளகாய் மாதிரி முகத்தோடு வந்தார்.

"கன்டி! அவன்ர பெயர் என்ன?"

"டேனி."

"அது எனக்கும் தெரியும்! மற்றப் பெயர் எங்கை?"

"அது அவன்ர அப்பான்ர பெயர் எல்லோ?"

ஜோ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "இஞ்சை எல்லாரும் அப்பன்ர பெயரோடதான் அடிபடுறாங்கள், கன்டி!"

தொடாதை

முதல் இடைவேளையில் மாற்றிக் கொடுக்கச் சொல்லிப்போட்டார். கையில் தையல் பிரிக்கிற பிளேட்டோடு, ஐஸுக்குப் போகிற நடையோடை வாசலில் போய் நின்றேன். அவ்வளவு நாளும் அந்த உடுப்பைத் தோய்த்திருக்கிறேன், அது ஓடுவதை ஒருநாளும் பார்த்ததில்லை. அம்மாடி, அவர்கள் ஓடவில்லை, பறக்கிறார்கள்! ஐஸைக் கத்தி கீறுகிற சத்தம் பல்லுக்குள் கூசுகிறது. டேனியை ஒருத்தன் ஐஸைச் சுற்றின பலகை வேலியோடு சாத்தினான். விழுந்தவன் எழும்பினான். எங்கிருந்தோ கறுப்பாக ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது, அதுதான் பக் என்கிற ரப்பர் வட்டு. டேனி தடியை வீசினான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கோலுக்கு எரிகிற சிவப்பு விளக்கு எரிந்தது மட்டும் தெரிந்தது. என்னை அறியாமல் நானும் "டேனீ!" என்று கத்திவிட்டேன். வேலை செய்கிற இடத்தில் என் குரலை நானே கேட்டது அன்றைக்குத்தான்.

இடைவேளைக்கு உள்ளே வந்தவனின் முதுகைத் திருப்பி, பிளேட்டை வைத்தேன். துள்ளி விலகினான். கோல் போட்ட உடுப்பில் கை வைக்கக்கூடாதாம். வென்றுகொண்டிருந்தால், ராசி போய்விடும் என்று சொக்ஸைக்கூடக் கழற்றாத ஆட்கள் இவர்கள்! ஆனால் மேலே தகப்பன் தன் பெயரைத் தேடிக்கொண்டு இருப்பாரே என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. கூட வந்தவர்களுக்குக் காட்டத்தானே மனுசன் அவ்வளவு தூரம் கூட்டி வந்தது. ஜோ கத்துகிறார், மணி அடிக்கிறது, பிளேட் என் கையில். டேனி கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:

"தொடாதை, கன்டி. அப்பாவிட்டை நான் பேச்சு வாங்கிறன்."

தகப்பன்

ஆட்டம் முடிந்தது, வென்றுவிட்டோம். ஆனால் டேனியைப் பற்றிக் கோச் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஊத்தை உடுப்புக் கூடையை இழுத்துக்கொண்டு திரும்ப, தையல் அறை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மனுசன். கம்பளித் தொப்பி, டேனியின் அதே மூக்கு, கையில் டேனி கழற்றின ஜேர்சி. "இதைத் தைச்சது ஆர்?" என்று கேட்டார். இனி ஒளிக்க இடமில்லை என்று, தெரிந்த இங்கிலிசையெல்லாம் சேர்த்துச் சொன்னேன்: எங்கட நாட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும், பிள்ளையின் பெயர் பின்னுக்கு. இஞ்சை என்னைக் கூப்பிடுவதும் என் அப்பாவின் பெயரை முறித்துத்தான். பிழை என்னுடையது, பெடியனை ஏசவேண்டாம்.

அவர் கனநேரம் அந்த ஐந்து எழுத்தையும் தடவிப் பார்த்தார். "என்ர பெயர் சுரங்கத் தொப்பியில எழுதியிருக்கு, அது போதும்" என்றார். அந்த நேரம் பார்த்து டேனி ஓடைக்குள்ளால் ஓடிவந்தான். கோச் அவனை ரீமில் வைத்திருக்கப் போகிறாராம்! தகப்பன் அவனைக் கட்டிப்பிடித்து, தலைமயிரைக் குழப்பி, நான் தைத்த பெயரோடு கையில் இருந்த ஜேர்சியாலேயே முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். காரில் ஒரு இடம் சும்மா போகப் போகிறதென்று சொல்லிச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, உம்முடைய சொந்தப் பெயர் என்ன, பிள்ளை?"

அடுத்த ஆட்டத்துக்குச் சட்டப்படி பெட்ரோவ்சுக் என்று ஒட்டினேன். சனம் டேனி என்றுதான் கத்தியது. டேனி என்றிருந்த பழைய பெயர்த்துணியை எறியவிடாமல், ஜேர்சியின் உள்பக்கம், ஆருக்கும் தெரியாமல் தைக்கச் சொன்னான். தகப்பன் வெளியில், பிள்ளை உள்ளுக்குள். என்னையும் இப்போது "ராஜேஸ்" என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். ஜோ மட்டும் ஆறுநாளைக்கு ஒருக்கால் கன்டி என்பார்.

இன்றைக்குக் கை நிற்காததற்குக் காரணம் இதுதான்: டேனியைப் பெரிய லீக்குக்கு எடுத்துவிட்டார்கள், இன்றைக்கு அவனுடைய முதல் ஆட்டம், ரி.வி.யில் காட்டுகிறார்கள்! வெள்ளிக்கிழமை வந்து அந்தப் பெயர்த்துணியைப் பிரித்துத் தரச் சொல்லி வாங்கிப் போனான். இப்போது எந்த உடுப்புக்குள் இருக்கிறதோ. இவரும் துஷியும் ரி.வி.க்கு முன்னால் குந்தியிருக்கிறார்கள். ஜக்கெற்றில் 'துஷி' முடிந்துவிட்டது, இவருடைய பெயரை முன்னுக்குத் தைப்பதா, பின்னுக்கா, உள்ளுக்கா என்றுதான்...

"இஞ்சை ஓடிவாரும்! உம்மட டேனி இறங்கிறான்!"

வாறன், வாறன். ஒரு வரி, அவ்வளவுதான். அக்காமாரே, இந்தத் தொழிலில் நான் கண்டது என்னவென்றால், முதுகில் ஆருடைய பெயரை ஒட்டினாலும், அடி வாங்குவதும் கோல் போடுவதும் உள்ளுக்குள் இருக்கிற...

"ராஜேஸ்! பக் அவனிட்டை!"