குழல் எங்கள் வீட்டில், கட்டை மாஷி வீட்டில்

எங்கள் துப்பாக்கி இரண்டு வீடுகளில் இருந்தது. இரும்புக் குழல் எங்கள் வீட்டில், அம்மாவின் துணிப் பெட்டிக்குப் பின்னால். விசையும் கட்டையும் சேர்ந்த பின்பாகம் பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு வங்காளி அம்மாவின் வீட்டில். நாங்கள் அவளை மாஷி, அதாவது சித்தி என்று கூப்பிடுவோம். குழலையும் கட்டையையும் பூட்டினால்தான் அது துப்பாக்கி. தனித்தனியே இருக்கும்வரை ஒன்று வெறும் இரும்பு, இன்னொன்று வெறும் மரம்.

ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் போடக்கூடிய பழைய துப்பாக்கி அது. கமுகுத் தோட்டத்தைக் காக்க அப்பா உரிமம் வாங்கியிருந்தார். போர்ட் பிளேர் இருக்கும் இந்தத் தீவில் மான்களை அடித்துத் தின்னப் புலி கிடையாது. அவை கூட்டமாக வந்து இளங்கன்றுகளைக் குருத்தோடு கடித்துவிட்டுப் போகும். மானைச் சுடக் கூடாது என்பது சட்டம். அப்பா வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். இரண்டு நாளைக்கு மான்கள் அந்தப் பக்கம் வராது.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சாயங்காலம் அம்மா அப்பாவின் போத்தலை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். அப்பா எழுந்தார். உள்ளே போய்க் குழலையும் கட்டையையும் எடுத்து வந்து முற்றத்தில் உட்கார்ந்து பூட்டினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. குழலின் கொக்கி கட்டைக்குள் விழுந்து மூடிக்கொள்ளும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றாள். அப்பா கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்திருந்துவிட்டு மறுபடியும் பிரித்துப் போட்டார். உள்ளே தோட்டா இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அம்மா கட்டையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பாதையைக் கடந்தாள். அன்றிலிருந்து மான் வந்தால் அப்பா மாஷி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

"க்யா ஹுவா, தாதா?" என்பாள் மாஷி ஹிந்தியில். என்ன ஆச்சு, அண்ணா.

"ஹிரண் ஆயா."

மான் வந்திருக்கிறது என்று அப்பா சொன்னதும் மாஷி உடனே உள்ளே போகமாட்டாள். ஒரு படி இறங்கிப் பக்கத்தில் வந்து நிற்பாள். கோழி, வெயில், காய்கறி என்று ஏதாவது பேசுவாள். அப்பாவின் வாயில் வாசம் இல்லையென்றால் கட்டை வரும். இருந்தால், "கல் ஆனா" என்பாள். நாளைக்கு வா. அப்பா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருவார்.

எங்கள் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். தாத்தாவும் அப்பாவும் கைநாட்டு. அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். துப்பாக்கியோடு வந்த ஆங்கிலத் தாளைப் பத்து வருஷம் கழித்து முதலில் வாசித்தவள் நான். அப்போது ஒன்பதாம் வகுப்பு. பூட்டுவதற்கு முன் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். குழலின் வாயை எப்போதும் ஆளில்லாத பக்கம் வைக்க வேண்டும். சுடப்போகும்வரை விசையில் விரல் படக் கூடாது. தோட்டாவைத் தனியாக வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா தலையாட்டினார்.

"இதெல்லாம் நான் செய்யறதுதானே புள்ள" என்றார்.

"செஞ்சா போதாது. எழுதியிருக்குன்னு தெரியணும்" என்றேன். எனக்கு அப்போது அவ்வளவு திமிர்.

இப்போது போர்ட் பிளேரில், டெலானிபூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அதே ஊரில் ஜங்லிகாட்டில் வாடகைக்கு ஓர் அறை. ஊரில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் எனக்குத்தான் வரும். போன வருஷம் அப்பாவின் உரிமத்தைப் புதுப்பிக்கும் படிவத்தையும் நானே நிரப்பினேன். ஆயுதம் எங்கே, எப்படிப் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு கேள்வி. மற்றவர்கள் "வீட்டில், பூட்டிய பெட்டியில்" என்று ஒரு வரி எழுதுவார்கள். நான் ஐந்து வரி எழுதினேன். குழல் எங்கள் வீட்டில், கட்டை எதிர்வீட்டில், உரிமதாரர் நிதானமாக இருக்கிறாரா என்று பார்த்த பிறகே கொடுக்கப்படும். நல்ல ஆங்கிலம். ஒரு பிழை இல்லை. எந்த அதிகாரியும் வாசித்துவிட்டுப் பாராட்டுவார் என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் அப்பாவையும் மாஷியையும் துப்பாக்கியோடு காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அதிகாரி படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "யே கிஸ்னே லிக்கா?"

"மைனே, சார்."

எழுதியது நான் என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் வலித்தது. உரிமம் இல்லாதவர் வீட்டில் துப்பாக்கியின் ஒரு பாகம் இருந்தாலும் அது குற்றம், கொடுத்தவர்மேலும் வைத்திருந்தவர்மேலும் வழக்கு வரும் என்று பொறுமையாக விளக்கினார். மாஷி பெஞ்சின் ஓரத்தில் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காவல் நிலையத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்க்க வேண்டும், பூட்டிக் காட்டு என்றார் அதிகாரி. அப்பா பூட்டப் பார்த்தார். குழலின் கொக்கி கட்டைக்குள் விழவில்லை. இரண்டு தடவை இடறியது. நான் அவர் கையிலிருந்து வாங்கினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக் குழலுக்குள் பார்த்தேன். வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. வாயைச் சுவர்ப் பக்கம் வைத்துக் கொக்கியை மாட்டி, அழுத்தி மூடினேன். அதே சத்தம். நிமிர்ந்தபோது அப்பா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை வழக்கில்லை என்றார் அதிகாரி. இரும்புப் பெட்டி வாங்க வேண்டும், துப்பாக்கி முழுதும் அப்பாவின் வீட்டிலேயே இருக்க வேண்டும், சாவி அப்பாவிடமே இருக்க வேண்டும். புதிதாக எழுதித் தரச் சொன்னார். எழுதினேன், ஒரே வரியில்.

வெளியே வந்ததும் மாஷி என்னைப் பார்த்து, "பஹுத் படி-லிக்கி ஹோ கயி தூ" என்றாள். நீ ரொம்பப் படித்துவிட்டாய். ஊர் வரும்வரை பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி வந்ததும் அம்மா சாவியையாவது அவளிடம் வைக்கலாமா என்று கேட்கப் போனாள். வாசலிலேயே மாஷி இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

ஆக, அத்தனை வருஷமும் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டை, அம்மா படுக்கும் அறைக்குள் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவள் நான்.

"எதுக்குடி அத்தனையும் எழுதின?" என்றாள் அம்மா.

"உண்மைதானேம்மா."

"உண்மைதான். அதுக்குன்னு?"

ஞாயிற்றுக்கிழமை நான் போர்ட் பிளேருக்குத் திரும்பினேன். அப்பா பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் பையின் வெளியறைக்குள் எதையோ போட்டு ஜிப்பை இழுத்தார்.

"என்னப்பா?"

"நீ எழுதினதுதானே. நீயே வெச்சுக்க."

சாவி. சாவி அவரிடமே இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து நான்கு நாள்கூட ஆகவில்லை.

அப்புறம் ஒவ்வொரு போனிலும் நான் அவர் குரலைத்தான் கேட்டேன், பேச்சை அல்ல. மாஷிக்கு மூக்கு இருந்தது. எனக்குக் காது மட்டும். சளி பிடித்த குரலும் குடித்த குரலும் போனில் ஒரே மாதிரி இருக்கின்றன.

மழை முடிந்த சமயம் ஒரு மாலை கூப்பிட்டார். "மான் பூந்திருச்சு புள்ள. கீழ்ப்பக்கத்துக் கன்னுல பாதி போச்சு. நாளைக்கு சாவிய எடுத்துக்கிட்டு வா."

"வரேன்ப்பா" என்றேன். போனை வைக்க முடியவில்லை. அவரும் வைக்கவில்லை.

"என்னா, கேக்க மாட்டியா?" என்றார். "மாஷின்னா கேட்டிருப்பா."

"மாஷி ஒரு நாளும் கேட்டதில்லப்பா."

"வாசலுக்கு எறங்கி வருவாளே. அது கேக்கறதுதான். கேளு."

அப்பாவிடம் அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. "குடிச்சிருக்கீங்களாப்பா?" என்றேன்.

பின்னால் கோழி கத்துவது கேட்டது.

"ஆமா" என்றார். பிறகு, "நீ நாளைக்கு வராத. நானா சொல்றப்ப வா."

பத்து நாள் அவர் கூப்பிடவில்லை. அம்மாவிடம் கேட்டேன். கீழ்ப்பக்கத்தில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை, அப்பா மானை விரட்டத் தகரத்தைத் தட்டிக்கொண்டு தோட்டத்திலேயே கிடக்கிறார் என்றாள். சாவி இன்னும் என் பையில்தான் இருக்கிறது.